வீடும் மனையும் வாங்கும் முன்: சேலத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் சட்டக் கேள்விகள்

அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்குப் பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பத்திரங்களைப் படித்துக் குறிப்பெழுதுவது பல ஆண்டுகளாக என் வேலை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவர், இரும்பாலையில் ஓய்வு பெற்றவர், அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறவர் என்று எல்லோரும் ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். அவர்களில் பலர் அட்வான்ஸ் கொடுத்த பிறகு வருகிறார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம். பணம் கைமாறுவதற்கு முந்தைய வாரத்தில் இதைப் படித்தால் பயன் அதிகம். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே கொடுத்திருக்கிறேன்.

கிரயம் பதிவாகிவிட்டது. இனி அந்த இடம் எனக்குத்தானே சொந்தம்?

விற்றவருக்கு என்ன உரிமை இருந்ததோ, அது உங்களுக்கு வந்திருக்கிறது. அதற்கு மேல் ஓர் அடி மண்கூட வராது. நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்த பத்திரத்தின் மூலம்தான் விற்க முடியும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். ஆகவே பதிவு இல்லாமல் உரிமை மாறாது. ஆனால் பதிவு நடந்தது என்பதற்காக, விற்றவர் உண்மையான உரிமையாளர் என்று ஆகிவிடாது.

சார்பதிவாளர் ஆள் அடையாளத்தைப் பார்க்கிறார், முத்திரைத் தீர்வையைப் பார்க்கிறார், பதிவுக்குத் தடையுள்ள நிலமா என்று பார்க்கிறார். உரிமை மூலத்தை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. வாங்குவதற்கு முன் அதை ஆராய வேண்டிய பொறுப்பு வாங்குகிறவரைச் சேர்ந்தது.

பட்டா அவர் பெயரில் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. பட்டா வருவாய்த் துறையின் பதிவு. நிலம் யார் பெயரில் கணக்கில் இருக்கிறது என்பதை அது காட்டும். உரிமையைத் தருவது பத்திரம். பட்டா மட்டும் உரிமைக்குச் சான்றாகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. அதற்காகப் பட்டாவைப் பார்க்காமல் விடவும் கூடாது. பத்திரத்தில் ஒரு பெயர், பட்டாவில் வேறு பெயர் என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். அது என்ன என்று தெரியாமல் நகரக் கூடாது.

சேலம் மாநகரின் பழைய பகுதிகளான குகை, செவ்வாய்ப்பேட்டை போன்ற இடங்களில் வார்டு, பிளாக், நகரப் புல எண் என்று தனிக் கணக்கு இருக்கும். அங்கே நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் வேண்டும். ஊர் நத்தத்தில், அதாவது குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலத்தில், இருக்கும் வீட்டுக்கு நத்தம் பட்டா. எதுவானாலும் அரசின் இணையதளத்தில் எண்ணைப் போட்டு நீங்களே எடுங்கள். விற்பவர் கொடுக்கும் நகலை மட்டும் நம்பாதீர்கள்.

வில்லங்கச் சான்று எத்தனை வருடத்துக்குப் போட வேண்டும்? வில்லங்கம் இல்லை என்று வந்தால் நிம்மதிதானே?

ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலே வில்லங்கச் சான்று. குறைந்தது முப்பது ஆண்டுக்கு எடுங்கள். அதற்கும் முந்தைய காலத்துக்கு எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. பதிவுத் துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேட வேண்டும். சர்வே எண் உட்பிரிவாகியிருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் போடுங்கள். 45/2 என்ற எண்ணில் தேடிவிட்டு, 45/2ஏ என்ற எண்ணில் இருந்த அடமானத்தைத் தவறவிட்ட ஒரு குடும்பத்தின் கோப்பு எங்கள் அலுவலகத்தில் நெடுநாள் கிடந்தது.

பதிவானவை மட்டுமே அதில் வரும். பதிவு செய்யாத உயில் வராது. நடந்துகொண்டிருக்கும் வழக்கு பெரும்பாலும் வராது. கையெழுத்துப் போடாத வாரிசு வரமாட்டார். சொத்துவரிப் பாக்கி வராது. வழக்கு இருக்கிறதா என்று நீதிமன்றங்களின் இணையதளத்தில் விற்பவரின் பெயரைப் போட்டுத் தேடலாம். வழக்கு நடக்கும்போது வாங்கியவரையும் அதன் தீர்ப்பு கட்டுப்படுத்தும்.

தாய்ப்பத்திரம், மூலப்பத்திரம் என்கிறார்கள். அது தொலைந்துவிட்டது என்றால் வாங்கலாமா?

விற்பவருக்கு அந்தச் சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் முந்தைய பத்திரமே தாய்ப்பத்திரம். அதற்கும் முந்தையது, அதற்கும் முந்தையது என்று சங்கிலி விடாமல் வர வேண்டும். கிரயம், பாகப்பிரிவினை, தானசெட்டில்மென்ட், உயில் என எந்த வழியாக வந்தாலும் சரி, ஒரு கண்ணிகூட விட்டுப்போகக் கூடாது.

அசல் இல்லை என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம், அது எங்கோ அடமானத்தில் இருக்கிறது என்பது. பத்திரத்தை அடகாகக் கொடுத்துத் தனியாரிடம் கடன் வாங்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அது வில்லங்கச் சான்றில் தெரியாது. உண்மையிலேயே தொலைந்திருந்தால் விற்பவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று பெற்று, நாளிதழில் அறிவிப்பும் கொடுக்க வேண்டும். அதைச் செய்யத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

ஐந்து லட்சம் அட்வான்ஸ். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். போதும்தானே?

தமிழ்நாட்டில் கிரய உடன்படிக்கையையும் பதிவு செய்ய வேண்டும் என்று 2012-இல் சட்டத் திருத்தம் வந்தது. பதிவு செய்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறும். அதே மனையை வேறொருவருக்குப் பேசுகிறவரை அந்த ஒரு வரியே தடுத்துவிடும். பதிவுச் செலவை மிச்சப்படுத்த நினைத்து ஐந்து லட்சத்தைத் தொங்கலில் விட வேண்டாம்.

அந்தப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்தீர்களா என்பது அடுத்த கேள்வி. அசையாச் சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது. வாங்கியவருக்கு அதே தொகை அபராதமாக விழலாம். காசோலையிலோ வங்கி வழியிலோ கொடுங்கள். உடன்படிக்கையில் கிரயத்துக்கான கெடு நாளைத் தெளிவாக எழுதுங்கள். கெடு முடிந்தும் அவர் எழுதிக் கொடுக்காவிட்டால், அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ‘நாளைக்கு, நாளன்னைக்கு’ என்று இழுத்தடிக்கப்பட்டு நான்காம் ஆண்டில் வந்தவர்களுக்கு எங்களால் உதவ முடிந்ததில்லை.

பதிவுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?

முத்திரைத் தீர்வையும் மாற்று வரியும் சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். 30 லட்சம் ரூபாய்ச் சொத்துக்கு 2,70,000 ரூபாய். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதன் மேல் கணக்கு. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், 1 சதவீதத்தை நீங்கள் பிடித்துக்கொண்டு விற்பவரின் கணக்கில் வருமான வரியாகக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் பிடித்தம் இதைவிடப் பெரியது. அதற்குத் தணிக்கையாளரைப் பாருங்கள்.

பாதிப் பணத்தைக் கறுப்பில் கேட்கிறார். பத்திரத்தில் குறைத்துக் காட்டினால் எனக்கும் செலவு மிச்சம்தானே?

இன்று மிச்சம், நாளை உங்கள் தலையில். சொத்தில் குறை வந்து பணத்தைத் திரும்பக் கேட்கும் நாளில் பத்திரத்தில் உள்ள தொகையைத்தான் காட்ட முடியும். நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரிவதால் அந்த லாபத்துக்கும் வரி கட்டுவீர்கள். மதிப்பைக் குறைத்திருப்பதாகச் சார்பதிவாளர் கருதினால் முத்திரைத்தாள் தனித்துணை ஆட்சியருக்கு அனுப்புவார், பத்திரம் அங்கே கிடக்கும். ரொக்கத்துக்கான அபராதத்தை மேலேயே சொல்லிவிட்டேன்.

அப்பா வழிச் சொத்து. மூன்று மகன்களும் கையெழுத்துப் போடுகிறார்கள். தங்கைகளுக்குச் சீர் செய்து அனுப்பியாகிவிட்டதாம். பரவாயில்லையா?

இந்தக் கேள்வியை நான் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். சேலம் நீதிமன்றங்களில் பாகப்பிரிவினை வழக்குகள் குவிவதற்கு இதுவே பெரிய காரணம் என்று துணிந்து சொல்வேன். நகையும் சீரும் பங்குக்கு ஈடாகாது. எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை.

அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன், மகள், மனைவி, உயிரோடு இருந்தால் அவருடைய தாய், எல்லோருக்கும் சம பங்கு. மகளுக்கு எப்போது திருமணம் ஆனது என்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை. பூர்வீகச் சொத்து என்றால் தமிழ்நாடு 1989-இலேயே, அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணம் ஆகாத மகள்களுக்குச் சம உரிமை கொடுத்தது. 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் திருமண வரம்பையும் எடுத்துவிட்டது. அப்பா 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு 2020-இல் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. உரிமை பிறப்பால் வருவது என்பதே அந்தத் தீர்ப்பு. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி நடந்த விற்பனைகளும் பதிவான பாகப்பிரிவினைகளும் தப்பும்.

ஆகவே வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று வாங்கச் சொல்லுங்கள். அதில் உள்ள அத்தனை பேரும் கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பங்கு வேண்டாம் என்கிற தங்கை பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். வாய்ச்சொல் உதவாது. ஒரு தங்கை விடுபட்டால் அவர் பங்கு அவரிடமே இருக்கும், நீங்கள் அவரோடு கூட்டுச் சொந்தக்காரர் ஆவீர்கள். அது குடும்பம் குடியிருக்கும் வீடு என்றால், பங்கை வாங்கிய வெளியாள் அந்த வீட்டில் சேர்ந்து குடியிருக்க உரிமை கோர முடியாது என்றும் சட்டம் சொல்கிறது. பிற மதத்தவருக்கு வாரிசுச் சட்டம் வேறு. ஆனால் மகளை விட்டுவிட்டு வாங்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லாது.

வாரிசுகளில் ஒருவன் பள்ளிக்கூடப் பையன். அவனுக்காக அம்மா கையெழுத்துப் போட்டால் செல்லுமா?

இறந்த அப்பாவின் சொத்தில் மைனர் குழந்தைக்கு வந்த பங்கை விற்க, தாயாக இருந்தாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றால், பையன் பதினெட்டு முடிந்து மூன்று ஆண்டுக்குள் அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். அனுமதிக்குச் சில மாதங்கள் ஆகும். காத்திருங்கள். அந்தக் குழந்தையின் பங்குப் பணம் அவன் பெயரில் வங்கியில் போடப்படுவதும் அந்த உத்தரவின் மூலமாகத்தான் உறுதியாகும். அப்பா இல்லாத பிள்ளைக்கு நாம் செய்யும் நியாயமும் அதுவே.

சொந்தக்காரர் வரவில்லை, பவர் வாங்கியவர்தான் விற்கிறார். நம்பலாமா?

பவர் என்பது தன் சார்பில் செயல்பட ஒருவர் இன்னொருவருக்கு எழுதித் தரும் அதிகாரப் பத்திரம். பவர் வாங்கியவர், கொடுத்தவரின் சார்பில் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம். அது செல்லும். பவர் பத்திரம் பதிவானதா, விற்கும் அதிகாரம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா, பிறகு ரத்து செய்யப்பட்டதா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் பொதுவாக முடிந்துபோகும். அதனால்தான் அவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றைப் பதிவின்போது கேட்கிறார்கள். முடிந்தால் கொடுத்தவரை நேரில் பாருங்கள், குறைந்தது காணொளி அழைப்பிலாவது பேசுங்கள்.

‘கிரயம் வேண்டாம், பவரும் அக்ரிமென்டும் எழுதித் தருகிறேன், அதுவே கிரயம் மாதிரிதான்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப்பட்ட ஏற்பாட்டால் உரிமை மாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஓமலூர் பக்கம் மனை பார்த்தோம். பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது என்கிறார்கள். அது அப்ரூவ்டு மனைதானே?

ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடம் மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது. நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகார எண் வேண்டும். 2016 அக்டோபர் 20 முதல் அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிவு செய்யச் சட்டம் தடை விதிக்கிறது. அதற்கு முன்பே மனையாகப் பதிவானதை மறுபடி பதியலாம். ஆனால் கட்டட அனுமதிக்கும் வங்கிக் கடனுக்கும் 2017-இல் வந்த விதிகளின்படி அந்த மனையை வரன்முறை, அதாவது முறைப்படுத்தி அங்கீகாரம், செய்திருக்க வேண்டும்.

அங்கீகார வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தில் நடந்து பாருங்கள். வரைபடத்தில் பூங்கா என்றிருப்பதை மனையாக வெட்டி விற்பது உண்டு. சாலையும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதித் தரப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமோ எட்டுக்கு மேற்பட்ட மனைகளோ இருந்தால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

ஏரி நிலம், கோயில் நிலம் என்று பயமுறுத்துகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

மூக்கனேரி, குமரகிரி ஏரி, பள்ளப்பட்டி ஏரி என்று ஏரிகளுக்கு நடுவே வளர்ந்த ஊர் இது. பயம் நியாயமானதுதான். அந்தச் சர்வே எண்ணுக்கு ‘அ’ பதிவேட்டு நகலை இணையத்தில் எடுங்கள். தனியார் நிலமா, புறம்போக்கா, ஓடையா என்று வகைப்பாடு அதில் இருக்கும். புல வரைபடத்தில் வாய்க்கால் ஓடுகிறதா என்றும் பாருங்கள். இன்று காய்ந்து கிடக்கும் ஓடையும் கணக்கில் ஓடைதான்.

கோயில் நிலத்தை அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியின்றி விற்றால் 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த விற்பனை செல்லாது. பட்டியலின மக்களுக்குப் பிரிட்டிஷ் காலத்தில் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தையும், அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலத்தையும் மலிவாகக் கிடைக்கிறது என்று தொடாதீர்கள். அவை அந்த மக்களுக்கு உரியவை. ஓமலூர், காமலாபுரம் பக்கம் விமான நிலைய விரிவாக்கம் போன்ற நில எடுப்பு அறிவிப்புகள் இருக்கின்றனவா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரிப்பதும் நல்லது.

வீட்டில் போக்கியத்துக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. வாங்கிய பிறகு காலி செய்துகொள்ளலாம் என்கிறார்.

போக்கியத் தொகையை வாங்கியவர் விற்றவர். திருப்பிக் கேட்கப்படுவது உங்களிடம். பெரும்பாலும் பதிவு செய்யாத ஒப்பந்தம் என்பதால் வில்லங்கச் சான்றில் வராது. குடியிருப்பவரிடம் நேரில் போய் எவ்வளவு கொடுத்தார், எப்போது கெடு என்று கேளுங்கள். அந்தத் தொகையை விலையில் கழித்து, பதிவு நாளன்றே அவர் கையில் கொடுத்து ரசீது வாங்கிச் சாவியையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஃபேர்லேண்ட்ஸில் அடுக்குமாடி வீடு. இதில் தனியாக என்ன பார்க்க வேண்டும்?

கட்டடம் நிற்கும் மொத்த நிலத்தில் உங்கள் வீட்டுக்குரிய பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் எண்ணாக வர வேண்டும். எல்லா வீடுகளின் பங்கையும் கூட்டினால் மொத்த நிலத்தைத் தாண்டக் கூடாது. அனுமதித்த வரைபடத்தில் மூன்று மாடி, இடத்தில் நான்கு மாடி என்றால் அந்த நான்காம் மாடியை வாங்காதீர்கள்.

ரெரா சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் கட்டுநர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஒப்படைத்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். கட்டி முடிந்து நிறைவுச் சான்று வந்த வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குப் பொதுவாக 5 சதவீதம்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் பத்து சென்ட் பிரித்துத் தருகிறார்கள். குடிசை மாதிரி ஒரு வீடு கட்டிக்கொள்ளலாமா?

மலையில் சட்டம் வேறு. ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுவின் வரம்புக்குள் வருகிறது. மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை போன்றவற்றின் கருத்தும் தேவைப்படும். சரிவு செங்குத்தாக இருந்தால் அனுமதி கிடைக்காது. நிலச்சரிவை நினைத்தால் கிடைக்காமல் இருப்பதே நல்லது. மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். நீங்கள் வளர்த்த சில்வர் ஓக் மரம் என்றாலும் முதலில் கேட்டுவிட்டுக் கோடரியை எடுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒருவர் வைத்திருக்கக்கூடிய நிலத்துக்கு வரம்பு போடும் 1961-ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டத்தில் காப்பித் தோட்டங்களுக்கு விலக்கு உண்டு. தோட்டமாக நீடிப்பதால்தான் அந்த விலக்கு. அதைத் துண்டுபோட்டு வீட்டுமனையாக்கினால் விலக்கு கேள்விக்குள்ளாகும். மேலே மனை அங்கீகாரம் பற்றிச் சொன்னதும் இங்கே அப்படியே பொருந்தும். தோட்டப் பாதை உங்கள் பத்திரத்தில் வழிப்பாதை உரிமையாக எழுதப்பட வேண்டும். எழுதாவிட்டால் கேட்டைப் பூட்டும் நாளில் உங்கள் மனைக்கு நீங்களே போக முடியாது. மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அரசு ஒப்படைத்த நிலம் அருகில் இருக்கலாம். எல்லை அளக்காமல் வாங்க வேண்டாம்.

வங்கியே லோன் கொடுக்கிறது. அவர்கள் வக்கீல் பார்த்திருப்பாரே, நான் தனியாகப் பார்க்க வேண்டுமா?

வங்கியின் வழக்கறிஞர் வங்கியின் கடனுக்காகப் பார்க்கிறார். நீங்கள் கொடுக்கும் முன்பணத்தைப் பற்றியோ வழிப்பாதையைப் பற்றியோ அவர் கவலைப்பட வேண்டியதில்லை. சொத்தில் குறை வந்தாலும் தவணையைக் கட்ட வேண்டியவர் நீங்கள். தனியாக ஒருவரிடம் எழுத்து மூலம் கருத்து வாங்குங்கள்.

பத்திரம் வந்த பிறகு அளந்தால் அரை சென்ட் குறைகிறது, சர்வே எண்ணிலும் ஒரு இலக்கம் தப்பு. இப்போது என்ன செய்ய?

எழுத்துப் பிழை என்றால் விற்றவரும் நீங்களும் சேர்ந்து பிழைத்திருத்தப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். விற்றவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகள் எல்லோரும் வர வேண்டும். வாரிசுகளைச் சேர்ப்பது எவ்வளவு பாடு என்பதைத் தங்கைகள் பற்றிய பதிலிலேயே பார்த்தோம். ஆகவே பிழை தெரிந்த வாரமே செய்யுங்கள். இடம் குறைவது வேறு விஷயம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அரை சென்ட் என்றால் ஒரு படுக்கையறை. வட்டாட்சியர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி அரசு சர்வேயரை அளக்கச் சொல்லி, பக்கத்து மனைக்காரர்களையும் வரவழைத்துக் கல் நடுங்கள்.

அளவு சரியானதும் பட்டா மாறுதலுக்கு மனு கொடுங்கள். முழு எண்ணையும் வாங்கியிருந்தால் பெயர் தானாக மாறும். ஒரு பகுதி என்றால் உட்பிரிவு செய்ய வேண்டும், சர்வேயர் வரும்வரை விடாமல் கேளுங்கள். சொத்துவரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு மூன்றையும் அதே மாதத்தில் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். ரசீதுகள் எல்லாவற்றையும் கிரயப் பத்திரம் இருக்கும் அதே உறையில் வைத்திருங்கள்.